சுவரின் அடியில் ஒரு கண்டம்

ஏரம்பமூர்த்தி தம் வாழ்நாளில் நேரில் பார்த்த மிகப் பெரிய பனிக்கட்டி, மரத்தூளில் புதைத்து ரயிலில் எங்கள் மலாயா ஊரான குளுவாங்குக்கு வந்து இறங்கும் ஐஸ் பாளம்தான். அதுவும் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போவதற்குள் சொட்டிக் கரைந்து, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூட்டிவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அவர் உலகத்தின் தென்கோடியில் கிடக்கும் பனிக் கண்டத்துக்காக எங்கள் ஊர்க்காரர்களோடு வாதாடினார். இந்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் இங்கே இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நான் பார்த்ததைப் பார்த்தபடியும், பார்க்காததை அவர் மனைவி திலகம் மாமி சொன்னபடியும் இங்கே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில். ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்ததும், அந்தக் காலத்து அவ்வூர்ப் பிள்ளைகள் பலரைப் போலவே, மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஓர் உறவினரின் முகவரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கப்பலேறினார். ஜொகூர் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் ஜொகூர் பாருவில் இருந்தார். பிறகு குளுவாங்குக்கு மாற்றினார்கள். அவர் வந்து இறங்கியபோது இங்கே வீடுகளைவிட வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளே அதிகம் என்பார். ஊரிலிருந்து திலகம் மாமியைக் கட்டிக்கொண்டு வந்தார். மாமி முதல் ஆறு மாதம் அட்டைக்கும் மழைக்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தாராம்.

அவருடைய வேலை என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும். காட்டுக்குள் சங்கிலி பிடித்து அளப்பவர்கள் வேறு. அவர்கள் குறித்துவந்த அளவுகளை வைத்து மேசையில் உட்கார்ந்து படமாக்குவது இவர் வேலை. ஒரு ரப்பர்த் தோட்டத்தின் எல்லை முதல் கல்லில் தொடங்கும். கல் கல்லாகப் போகும். எங்கெங்கோ வளைந்து சுற்றிவந்து கடைசியில் அதே முதல் கல்லில் முடிய வேண்டும். கோடு வந்து சேராமல் வாயைத் திறந்துகொண்டு நின்றால் எங்கோ பிழை என்று அர்த்தம். மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஏரம்பமூர்த்தியின் படம் அப்படித் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை. இந்தப் பழக்கம் மேசையோடு நிற்கவும் இல்லை. தெருவில் யார் வீட்டு வேலிப் படலை திறந்து கிடந்தாலும் சாத்திவிட்டுத்தான் நடப்பார். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் மாட்டை உள்ளே ஓட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த படலையைச் சாத்திவிட்டுப் போய், மாடு பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்து, பெரிய தகராறாகிவிட்டது.

தென் கண்டம் அவர் கைக்கு வந்தது ஒரு பழைய உலகப் படப் புத்தகத்தின் வழியாக. அலுவலகத்தில் ஒரு துரை மாற்றலாகிப் போகும்போது கழித்துப் போட்டது அது. முன்பக்கங்களைச் செல் அரித்திருந்தது. கடைசிப் பக்கம் நன்றாக இருந்தது. அதில் தென்துருவத்தை மேலிருந்து பார்ப்பது போல ஒரு வட்டப் படம். நடுவில் வெள்ளை நிலம். அதன் கரை கொஞ்ச தூரம் கறுப்புக் கோடாகப் போகிறது. பிறகு புள்ளி புள்ளியாகிறது. பிறகு புள்ளியும் இல்லை, வெறும் காகிதம். எங்கோ தள்ளி மறுபடியும் கோடு தொடங்குகிறது.

அதைப் பார்த்ததும், அச்சடித்தவன் மை போதாமல் விட்டுவிட்டான் என்று நினைத்தாராம். நல்ல மெல்லிய பேனாவை எடுத்து, இந்தப் பக்கத்துக் கரையையும் அந்தப் பக்கத்துக் கரையையும் அழகாக வளைத்துச் சேர்த்துவிட்டார். அவருக்கு அது படலையைச் சாத்துவது போல ஒரு காரியம். செய்ததையே மறந்துவிட்டார்.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் வீட்டில் வேறொரு படப் புத்தகத்தைப் பார்த்தார். வேறு நாட்டில் அச்சடித்தது, இன்னும் புதியது. அதிலும் அதே இடத்தில் கோடு இல்லை. இரண்டு அச்சகத்துக்கும் ஒரே இடத்திலா மை தீர்ந்துபோகும்? அந்தக் கரையை இதுவரை எந்த மனிதனும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து கத்தியால் தம் கோட்டைச் சுரண்டி எடுத்தார். அன்று வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடவில்லை. "உந்த மனிசன் ஒரு ஐஸ் கட்டிக்காகப் பட்டினி கிடந்தது" என்று மாமி ஊருக்குத் திரும்பும் வரை சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. வாசகசாலைக்கு வரும் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் தென்துருவம் என்று ஒரு வரி இருந்தாலும் படித்துவிடுவார். அவரிடம் கேட்டு எனக்குப் புரிந்த அளவில் அந்தக் கண்டத்தைச் சொல்கிறேன். வடதுருவம் உறைந்த கடல், அடியில் நிலம் கிடையாது. தென்துருவத்திலோ பனிக்கு அடியில் நிலம் இருக்கிறது. அது ஐரோப்பாவைவிடப் பெரியது. துருவம் இருக்கும் இடம் ஓர் உயரமான பனி மேட்டு வெளி. எங்கள் லம்பாக் மலையைப் போல ஐந்தாறு மலையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். ஒரு பக்கத்தில் ரோஸ் கடல் நிலத்துக்குள் குடைந்து வருகிறது. அங்கே பனி மதில் மாதிரிச் செங்குத்தாக நிற்கிறது. பார்த்தால் தரையில் ஊன்றி நிற்பது போலத் தெரியும், உண்மையில் அது கடலில் மிதக்கிறது. அதன் அருகே எரபஸ் என்று ஒரு மலை, உடம்பெல்லாம் பனியைப் போர்த்திக்கொண்டு உச்சியில் புகை விடுகிறது. எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது வேறு ஒன்று. அந்தக் கண்டத்தின் உள்நாட்டில் மழையும் இல்லை, பனியும் அதிகம் விழுவதில்லை. குளுவாங்கில் ஒரு மாதம் பெய்வது அங்கே ஒரு வருடத்தில்கூட விழாதாம். ஆனால் விழுந்தது போவதில்லை. விழுந்தது விழுந்தபடி கிடந்து, ஆயிரக்கணக்கான வருடங்களாக ஒன்றின் மேல் ஒன்று அமுங்கி, மலையாகிவிட்டது. இன்னொரு பக்கத்தில் வெடல் கடல் என்று ஒரு கடல் உள்ளே வருகிறது. இந்த இரண்டு கடலும் பனிக்கு அடியில் ஒன்றையொன்று தொடுகின்றனவா, அந்தக் கண்டம் ஒரே நிலமா அல்லது இரண்டா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஊரில் அவருக்கு 'ஐஸ் மூர்த்தி' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்குப் பழைய கீற்றுக் கொட்டகை போய்ப் புது மண்டபம் கட்டினார்கள். தலைமையாசிரியர் லெட்சுமணன், பெரிய சுவரில் ஓர் உலகப் படம் வேண்டும் என்றார். அதை வரையக்கூடிய கை ஊரில் ஒன்றுதான் இருந்தது. ஏரம்பமூர்த்தி கூலி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் நூல் பிடித்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கரைகளை வரைந்தார். பிறகு கடலுக்கு நீலம் அடித்தார். வேட்டியெல்லாம் நீலமாகிவிட்டது. குளுவாங் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "புள்ளி வைக்கவும் இடம் காணாது" என்று பதில் சொன்னார்.

படத்தின் அடியில், தரையை ஒட்டி, ஒரு பட்டையளவு சுவரை வெள்ளையாகவே விட்டிருந்தார். அந்த இடத்துக்குத்தான் வம்பு வந்தது.

பள்ளிக் குழுவின் தலைவர் செல்லப்பன். சின்ன வயதில் தாய் தகப்பனோடு தோட்டத்துக்கு வந்து, வளர்ந்து, கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்தவர். மண்டபம் எழும்பியதில் அவருடைய அலைச்சல் பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சுவர் முன்னால் வந்து நின்று தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு சர்வே ஐயா. வேல முடிஞ்சிருச்சா?"

"எங்கை முடிஞ்சது? கீழை இன்னும் ஒரு கண்டம் கிடக்கு."

"கீழயா? கீழ வெறும் செவருதானே இருக்கு. நல்லதாப் போச்சு. நன்கொடை குடுத்தவங்க பேரெல்லாம் அங்க எழுதிருங்க. நானே கேக்கலாம்னு இருந்தேன்."

"அது வெறும் சுவரில்லை, செல்லப்பன். அது நிலம். அதிலைதான் தென் கண்டத்தை வட்டமா வரையப் போறன்."

"அங்க யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை."

"பாத்தீங்களா! ஒருத்தரும் இல்லாத எடத்துக்கு எதுக்கு ஐயா எடம்? காசு குடுத்தவங்க இங்க உயிரோட இருக்காங்க. வேற செவத்துலயும் எடம் இல்ல. ஒரு பக்கம் கரும்பலகை, ஒரு பக்கம் ஜன்னலு, ஒரு பக்கம் சரஸ்வதி படம். பேச்சியம்மா காதுத் தோட்டைக் கழட்டிக் குடுத்துச்சு. அது மக பேர எங்க எழுதுறது?"

கடைசியில் சொன்னது ஏரம்பமூர்த்தியைத் தைத்துவிட்டது. பேச்சியம்மாள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பவர். அவருடைய மகள் சந்திரமதி இந்தப் பள்ளியின் பழைய கொட்டகையில் படித்துக்கொண்டிருந்தபோதே மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள்.

செல்லப்பன் கெட்டவர் இல்லை. "சரி, வெள்ளிக்கிழம பூஜ முடிஞ்சதும் எல்லாரும் இங்கதான் கூடுறோம். அது என்னா நாடுன்னு நீங்களே வந்து சொல்லுங்க. சனங்க சரின்னா வட்டம் இருக்கட்டும். இல்லன்னா பேரு" என்றார். பிறகு திரும்பி வந்து, "ஐயா, முழுசாச் சொல்லணும். அரகொறையாச் சொன்னா நானே எந்திரிச்சுருவேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க ஏரம்பமூர்த்தி சொல்லிப் பார்ப்பதற்கு ஆள் தேடினார். அகப்பட்டவர் மாமிதான். மாமி ஓர் ஆரஞ்சை, அவர்கள் பேச்சில் தோடம்பழத்தை, உரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாரும் திலகம். இந்தத் தோல்தான் பூமி எண்டு வையும். இதை உரிச்சுப் பலகையிலை தட்டையா விரிச்சால் என்ன நடக்கும்? நடுப்பாகம் அப்படியே இருக்கும். ஆனால் இந்த அடிப்பாகம், காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், அது கிழிஞ்சு கிழிஞ்சு பலகையின்ரை முழு நீளத்துக்கும் போய்க் கிடக்கும். அதுதான் உலகப் படத்தின்ரை அடியிலை அந்தக் கண்டம் ஒரு வெள்ளைப் பட்டையாத் தெரியுறது. அதின்ரை உண்மையான வடிவம் வட்டம். அடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்."

"எனக்குத் தெரியுது. செல்லப்பனுக்குத் தெரியுமோ?" மாமி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "உந்தத் திறந்து கிடக்கிற பக்கத்தை என்ன செய்யப் போறியள்?"

அவர் உரித்த தோலைத் திரும்பவும் உருண்டையாகச் சேர்த்துப் பார்த்தார்.

"அந்தாள் முழுசாக் கேக்குதெல்லே. கோட்டை இழுத்து மூடி விடுங்கோவன். ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

"ஒருக்கா மூடினனான். போதும்."

"அப்ப கண்டத்துக்குப் பதிலாப் பேர்தான் வரும். பிறகு என்னட்டை வந்து மூஞ்சியை நீட்டாதையுங்கோ."

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். பூஜைக்குச் செய்த சுண்டல் கை மாறிக்கொண்டிருந்தது. செல்லப்பன் முன்னால் நாற்காலியில். லெட்சுமணன் வாத்தியார் கரும்பலகைக்குப் பக்கத்தில். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் பின்சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாளும் அங்கேதான். நான் ஜன்னலோரம் நின்றேன்.

ஏரம்பமூர்த்தி கரும்பலகையில் வட்டம் போட்டார். ஒவ்வொரு கடலாக, ஒவ்வொரு முனையாகச் சொல்லிக்கொண்டே கரையை வரைந்தார். மிதக்கும் பனி மதிலைச் சொன்னபோது, "பொய்!" என்று ஒரு குரல் கேட்டது. புகையும் மலையைச் சொன்னபோது சுண்டல் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. வட்டத்தின் ஒரு பக்கம் திறந்தே இருந்தது.

"ஏன் ஐயா நிறுத்திட்டீங்க? சாக்பீஸ் தீந்துபோச்சா?" என்றார் செல்லப்பன்.

"சாக்பீஸ் இருக்கு. தெரிஞ்சதுதான் முடிஞ்சுது."

மண்டபமே சிரித்தது. "சர்வே ஐயாவே தெரியாதுன்னுட்டாரு டோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

"சும்மா இழுத்து விடுங்க லா. யாரு பாத்தா?" என்றது இன்னொரு குரல்.

"ஆரும் பாக்கேல்லை. அதாலைதான் இழுக்க ஏலாது."

சிரிப்பு அடங்கட்டும் என்றோ, அவரைக் காப்பாற்ற நினைத்தோ, லெட்சுமணன் வாத்தியார் வேறு கேள்வி கேட்டார். "மனுசனே இல்லாத நாடுங்கிறீங்க. அப்பறம் இந்தக் கடலு, மலைக்கெல்லாம் பேரு எப்படி சார் வந்துச்சு?"

"போய்க் கண்டவை வச்ச பேர். ஒரு பக்கத்து நிலத்துக்கு ராணியின்ரை பேர். ஒருத்தர் ஒரு கரைக்குத் தன்ரை மனிசியின்ரை பேரை வச்சார். இந்தா, இதிலை பெரிய பனியாறு ஒண்டு மலைக்கு நடுவாலை இறங்குது. கப்பல் போறதுக்குக் காசு குடுத்த ஒரு இரும்பாலை முதலாளியின்ரை பேர் அதுக்கு."

செல்லப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னா சொன்னீங்க? காசு குடுத்தவரு பேரா?"

"ஓம்."

"அலமாக்! அப்ப அதுவே ஒரு நன்கொடப் பலகதானா!"

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி எழுந்தது. ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். செல்லப்பன் கரும்பலகைக்கே வந்துவிட்டார். "சரியாப் போச்சு! வட்டமும் இருக்கட்டும், பேரும் இருக்கட்டும். ஒரு மலைக்கு ஒருத்தரு. அந்தப் பொகையிற மலை எனக்கு."

"அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு."

"அப்ப பேரில்லாததா ஒண்ணு பாத்துக் குடுங்க. கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும்."

"எனக்கு ஆறு வேணும்!" என்றார் ஒரு வண்டிக்காரர். "அந்தத் தொறந்த பக்கந்தான் காலியாக் கெடக்கே, அங்க ஒரு தெருவே போடலாம்" என்றார் இன்னொருவர்.

நான் ஏரம்பமூர்த்தியின் முகத்தைப் பார்த்தேன். கண்டம் இப்போது அவர் கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், சுவரில் இடம் கிடைத்துவிடும். ஆனால் யாரும் பார்க்காத கரையில், யாரும் ஏறாத மலைகளில் குளுவாங் கடைத்தெருவை எழுத வேண்டும். அதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள், செல்லப்பன் மலை என்று ஒரு மலை உண்மையாகவே இருக்கிறது என்று நம்பும்.

"அப்பிடி எழுத மாட்டன்" என்றார்.

"வெள்ளக்காரன் எழுதலாம், நாம எழுதக் கூடாதா?"

"அவை போய்க் கண்டிட்டு எழுதினவை, செல்லப்பன். நீர் போயிட்டு வாரும். உம்மடை பேரை நானே பெரிசா எழுதிறன்."

செல்லப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கடையைப் பூட்டிட்டு ஐஸுக்கா போவேன்? சரி ஐயா. அப்ப வட்டமும் வேணாம். பேர மட்டும் எழுதிக் குடுங்க." சுற்றிப் பார்த்தார். பல தலைகள் ஆடின. "எதுக்கும் பேச்சியம்மாவக் கேட்டுருவோம். பேச்சியம்மா, நீ சொல்லு. ஒம் மக பேரு ஒரு மலைக்கு இருந்தா நல்லாதானே இருக்கும்? சர்வே ஐயா மாட்டேங்குறாரு பாரு."

பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அங்க யாருமே இல்லையாங்கய்யா?"

"இல்லை அம்மா."

"போனவங்க?"

"போவினம், பாத்திட்டு வருவினம். சில பேர் திரும்பி வரேல்லை."

"மரம் மட்டை ஏதாச்சும்?"

"இப்ப இல்லை. ஒரு காலத்திலை இருந்திருக்கு. மலையிலை கல்லை உடைச்சுப் பாத்தவைக்கு உள்ளுக்கை இலை பதிஞ்சு கிடந்தது."

"எலையா?" பேச்சியம்மாளின் குரல் மாறியது. "ஐஸுக்குள்ளயா?"

"கல்லுக்குள்ளை. அச்சுப் போல. நரம்பெல்லாம் தெரியுமாம்."

"என்னா மரத்து எல?"

"அந்த மரம் இப்ப உலகத்திலையே இல்லை."

மரத்தோடேயே வாழ்கிற பேச்சியம்மாளுக்கு அது நம்ப முடியாததாக இருந்திருக்க வேண்டும். பிறகு, "ராத்திரி பகல் எப்படிங்கய்யா?" என்று கேட்டார்.

"நடு இடத்திலை ஆறு மாசம் வெளிச்சம், ஆறு மாசம் இருட்டு."

"வேணாங்கய்யா" என்றார் பேச்சியம்மாள். "அங்க எழுதாதீங்க. பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் இருட்டிப்போச்சுன்னாலே லயத்து வீட்டுலேர்ந்து நாந்தான் வெளக்க எடுத்துக்கிட்டுப் போவணும். அப்படிப் பயந்த புள்ள. தனியா அங்க போயி என்னா பண்ணுவா?"

யாரும் சிரிக்கவில்லை. செல்லப்பன் மெதுவாக, "நெசமா அங்க போறதா அர்த்தம் இல்ல பேச்சியம்மா. பேரு மட்டுந்தான்" என்றார்.

"பேருதான் மொதலாளி. எங்கிட்ட வேற என்னா இருக்கு? படத்துக்குக் கீழயும் வேணாம். புள்ளைங்க அந்தச் செவத்துல சாஞ்சுக்கிட்டு ஒக்காரும், தல எண்ணெயெல்லாம் பட்டுக் கறுத்துரும். வாசல் பக்கம் எழுதுங்க. வரும்போதும் போகும்போதும் நாலு புள்ளைங்க வாய்விட்டுப் படிக்கும்."

செல்லப்பன் திரும்பி வாசலைப் பார்த்தார். அவர் கடைக்காரர். வாசலில் இருக்கும் பெயரை எத்தனை பேர் பார்ப்பார்கள், சுவரின் அடியில், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பெயரை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"வாசல்லயா?" என்றார். "அப்ப மத்தவங்க பேரு?"

"வாசலுக்கு ரெண்டு பக்கமும் எடம் இருக்குதே. நமக்குத்தான் அது கண்ணுல படல" என்றார் வாத்தியார்.

"அப்படின்னா எம் பேரு மேல."

"மேலயே எழுதிக்குங்க மொதலாளி" என்றார் பேச்சியம்மாள். "எம் மவ குள்ளம். அவளுக்குக் கீழதான் எட்டும்."

ஏரம்பமூர்த்தி கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு, துண்டால் மூக்கைச் சிந்தினார். சுண்ணாம்புத் தூள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் முதலில் வாசலுக்கு இரண்டு பக்கமும் பெயர்களை எழுதினார். செல்லப்பன் பெயருக்கு ஏணி போட வேண்டியிருந்தது. சந்திரமதி என்ற பெயரை எழுத முழங்காலில் நின்றார். கறுப்பு மையில், எல்லாரும் படிக்கும்படி எழுதினார். அதற்குப் பிறகு படத்தின் அடிக்கு வந்து, பாயை விரித்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு சுளகு அளவுக்கு வட்டம் போட்டார். கரையைக் கோடாக வரைந்துகொண்டே வந்தார். தெரியாத இடம் வந்ததும் புள்ளி வைத்தார். அதற்கப்பால் புள்ளியும் வைக்காமல் தூரிகையைத் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் வெறும் சுண்ணாம்புச் சுவர்.

பால் வெட்டை முடித்துக்கொண்டு பேச்சியம்மாள் வந்தார். வாசலில் நெடுநேரம் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கமாக வந்த பிள்ளை ஒன்றைப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே வந்து வட்டத்துக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அந்த எல இருந்த கல்லு எங்கங்கய்யா?"

ஏரம்பமூர்த்தி புத்தகத்தைப் பார்த்து, துருவத்துக்குப் போகும் வழியில் பனியாறு இறங்கும் மலைகளைக் காட்டினார். பேச்சியம்மாள் விரலைச் சுவரில் படாமல் அந்த இடத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார்.

"ஒரு அடையாளமும் போடலையா?"

ஏரம்பமூர்த்தி யோசித்தார். அது போய்க் கண்டவர்கள் சொன்னது, கல்லோடு கொண்டுவந்து காட்டியது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்தார். நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை இலை வைத்தார். அந்த வெள்ளை முழுவதிலும் வேறு நிறம் கிடையாது.

செல்லப்பன் தம் பெயர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னா ஐயா, ஐஸ் மேல வெட்டுக்கிளி ஒக்காந்திருக்கு?"

"வெட்டுக்கிளி இல்ல மொதலாளி, எல" என்றார் பேச்சியம்மாள். "கல்லுக்குள்ள இருக்குது. குனிஞ்சு பாருங்க."

செல்லப்பன் குனிந்தார். குனிந்தபடி நிற்க முடியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஏரம்பமூர்த்தி பாயில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். செல்லப்பனின் விரல் இலையிலிருந்து கிளம்பி, பனியாற்றில் இறங்கி, கரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய், கோடு நின்ற இடத்தில் நின்றது.

"சரி ஐயா" என்றார். "இங்கேருந்து அது எந்தப் பக்கமாத் திரும்பும்னு நீங்க நெனைக்கிறீங்க?"